பன்னிரண்டு வீட்டுக்கும் பால் காய்ச்சினோம்

கல்யாணத் தரகருக்காவது இரண்டு வீட்டிலும் ஒரு வேளை சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். வீட்டுத் தரகருக்கு இரண்டு பக்கமும் கிடைப்பது திட்டு மட்டும்தான். வாடகை வீடு தேடிச் செருப்புத் தேய நடந்தவர்களே, "டு லெட்" போர்டைப் பார்த்து வண்டியை நிறுத்தி, "இப்பத்தானுங்க போச்சு" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்களே, உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது.

என் பெயர் மரகதம். கோயமுத்தூரிலிருந்து மதுக்கரை போகிற வழியில் பதினெட்டு வருஷமாக ஸ்கூட்டியும் செல்போனுமாக இந்தத் தொழில் செய்கிறேன். நான் ஆரம்பித்தபோது இங்கே சோளக்காடும் தென்னந்தோப்பும் இரும்பு வார்க்கிற இரண்டு பவுண்டரியும்தான். இப்போது காலேஜ் இருக்கிறது, ஐடி கம்பெனி இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, முக்குக்கு முக்கு பேக்கரி இருக்கிறது. காலை பஸ்ஸில் ஏறினால் நாலு பாஷை கேட்கிறது. சில பேருக்கு இதெல்லாம் எரிச்சல். எனக்கு ஒவ்வொரு புது முகத்தைப் பார்க்கும்போதும் உள்ளுக்குள் ஒரு குதிப்பு. ஒரே சிக்கல், வருகிறவர்கள் கேட்பது சின்ன வீடு, சின்ன வாடகை. கட்டுகிறவர்கள் கட்டுவதோ மூன்று படுக்கையறை, இரண்டு கார் நிற்க இடம், மொட்டை மாடியில் கண்ணாடிக் கூண்டு. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

மலையும் குழாயும்

திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பேங்க்காரருக்கு வீடு காட்டினேன். மாடி வீடு. நல்ல காற்று. பின்பக்க ஜன்னலைத் திறந்தால் மலை அப்படியே வந்து நிற்கும். அந்த ஜன்னலை வைத்தே நான் ஐந்தாறு வீடு முடித்திருக்கிறேன். வழக்கம்போல ஜன்னலைத் திறந்து, மேகத்தைக் காட்டி, சாயங்காலம் இங்கே உட்கார்ந்து காபி குடித்தால் எப்படி இருக்கும் என்று மூச்சு விடாமல் பேசினேன்.

அவர் மலையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனார், குழாயைத் திறந்தார், உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து வாயில் விட்டுக் கொப்பளித்தார். போர்த் தண்ணீர். இந்த ஊருக்கு வந்து மூன்றே நாள்தான் ஆகியிருந்தது, அதற்குள் யாரோ அவருக்குச் சிறுவாணியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எக்கா, எங்க ஊர்லயும் மலை இருக்கு. சிறுவாணித் தண்ணி எந்தக் குழாய்ல வருதுன்னு மட்டும் காட்டுங்க, மலைய நான் பெறவு பாத்துக்கிடுதேன்."

குடோனா, குடித்தனமா?

ராமசாமி அண்ணன் பெரிய காட்டுக்காரர். காடு என்றால் எங்கள் பக்கத்தில் தோட்டம் துரவு என்று அர்த்தம். அதில் பெரும்பகுதி சைட்டாகிப் போய், பள்ளிக்கூடத்துக்கு அடுத்த சந்தில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். வாடல் நோய் வந்த தென்னைகளை வெட்டிவிட்டு அங்கே குடோன் கட்டப் போவதாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில், நல்ல தண்ணீர் வருகிற இடத்தில் சிமெண்ட் மூட்டைக்கு வீடு கட்டுவதா?

விடாமல் ஒரு மாசம் பேசினேன். ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையலறை, தனித்தனிக் கக்கூஸ். இப்படி வரிசையாகப் பன்னிரண்டு வீடு கட்டுங்கள், பவுண்டரிக்காரனும் கட்டக்கூடிய வாடகை வையுங்கள், ஒன்றுகூடக் காலியாக நிற்காது என்றேன். சொல்லும்போதே எனக்குக் கண் முன்னால் பன்னிரண்டு வாசலிலும் கோலம் தெரிந்தது. அவர் மனைவி தங்கமணி அக்காவுக்கும் என் பேச்சுப் பிடித்திருந்தது. அண்ணன் கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "கட்டறேன். ஆனா ஒண்ணு, அம்மணி. நெம்பலைன்னு வையி, பன்னண்டு ஊட்டுலயும் மாத்தி மாத்தி நீயேதான் குடியிருக்கோணும்!"

சுமித்ரா கேட்டது

கட்டடம் பூச்சு வேலையில் இருந்தபோது சுமித்ரா என்னைத் தேடி வந்தாள். ஒடிசாக்காரி. புருஷன் திவாகர் பவுண்டரியில் வார்ப்பு வேலை, இவள் சித்தாள் வேலை. ஏழு வருஷமாக பவுண்டரிக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் குடித்தனம். கொட்டகையை எடுத்துவிட்டு அங்கே புது மிஷின் போடப் போகிறார்கள், இரண்டு மாசத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒண்டி ஆட்கள் எல்லோரும் பத்துப் பேர் ஒரு ரூம் என்று எங்கேயோ ஒண்டிக்கொண்டார்கள். இவளுக்கு அது முடியாது. பத்து வயதில் லிபி என்று ஒரு பெண் இருக்கிறாள், நம் ஊராட்சிப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு.

நான் ஒன்பது வீடு ஏறி இறங்கினேன். ஒருவர் "சைவம் மட்டும்" என்றார். ஒருவர் "எம்பையன் வந்துருவான்" என்றார், அந்தப் பையன் கனடாவில் வீடே வாங்கிவிட்டான். ஒருவர் மட்டும் மறைக்காமல் "வடக்கத்தி ஆளுங்களுக்குக் குடுக்கறதில்லீங்க" என்றார். ராமசாமி அண்ணனும் போனில் அதையேதான் சொன்னார். தூரத்தில் வீடு பார்க்கலாம் என்றேன். அதற்கு அவள் தலையாட்டவில்லை. இரண்டு பேரும் ஷிப்ட்டு வேலை, பிள்ளையைத் தனியாகப் பஸ் ஏற்ற முடியாது. பக்கத்தில் கிடைக்காவிட்டால் லிபியை ஒடிசாவில் சித்தப்பா வீட்டுக்கு ரயிலேற்றி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். அந்தப் பெண் பிறந்த மூன்றாம் வருஷம் இங்கே வந்தவள், அந்த ஊர் எழுத்து ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. சுமித்ரா அழவில்லை, நிதானமாகத்தான் சொன்னாள்: "அக்கா, பெரிய வீடு, நல்ல வீடு ஒண்ணும் வேண்டாங்க. லிபி பள்ளிக்கூடத்துக்கு நடந்து போற தூரம் மட்டும் குடுங்க."

எந்தக் கோயிலுங்க?

எங்கள் ஊரில் யாரும் யாரையும் சாதி கேட்பதில்லை. அவ்வளவு மரியாதை. "எந்த ஊருங்க? உங்களுக்கு எந்தக் கோயிலுங்க?" என்றுதான் கேட்பார்கள். குலதெய்வக் கோயில் தெரிந்தால் மிச்சம் எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். குடி வருகிற ஒவ்வொருவரையும் ராமசாமி அண்ணன் புது வீட்டு வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து இப்படி நேர்காணல் செய்தார். நம்ம பக்கத்து ஆளுங்களாகப் பார்த்துப் போடு என்பது அவர் உத்தரவு. நம்ம பக்கத்து ஆளுங்களுக்கெல்லாம் சொந்த வீடு இருக்கிறது, பிள்ளைகள் பெங்களூரில் இருக்கிறார்கள், வாடகைக்கு யாரண்ணா வருவார்கள் என்று நான் கத்தினது காதில் ஏறவில்லை.

அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் இரண்டு பேரைக் கூட்டிப் போனேன். கேரளாப் பெண்கள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்களுக்கு எந்தக் கோயிலுங்க?" என்றார். அதில் மூத்தவள் தங்கள் ஊர் மாதா கோயிலின் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். அப்புறம் பையிலிருந்து கருவியை எடுத்து, கேட்காமலே கையில் சுற்றி பிரஷர் பார்த்தாள். மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா என்று அதட்டினாள். நிறுத்தித்தான் இருந்தார், அது தங்கமணி அக்காவுக்கே தெரியாது. அவர்கள் போனபிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்: "மூணாம் நம்பர் ஊட்ட அதுகளுக்குக் குடுத்துரு. சத்தம் போட்டாக் கேக்கற தூரத்துல ஒரு நர்சு இருக்கறது நல்லதுதான், அம்மணி."

கோயில் கேட்காத நாள்

எல்லாரையும் கேட்டவர் ஒருவனை மட்டும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் டிரைவர் தாமஸ். கேட்க வேண்டிய அவசியமே இல்லை, அவன் அப்பா இதே காட்டில் இருபது வருஷம் கூலிக்கு இருந்தவர். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே எனக்கும் அவருக்கும் முடிந்திருக்கும்.

தாமஸ் போகாமல் நின்று வாசலைச் சுற்றிப் பார்த்தான். சாக்கடைக் குழி தோண்டியிருந்த இடத்தைப் பார்த்து, அது மேடு, மழை பெய்தால் தண்ணீர் எதிர்ப்பக்கம்தான் போய் நிற்கும், நாலு வீட்டுக்குள் ஏறும் என்றான். மேஸ்திரி சிரித்தார். அன்று ராத்திரியே கோடை மழை பிடித்தது. காலையில் போய்ப் பார்த்தால் அவன் காட்டின இடத்தில் கணுக்கால் தண்ணீர். அண்ணன் எனக்கு முன்னால் அங்கே வந்து நின்றிருந்தார். ஆள் அனுப்பி தாமஸைக் கூப்பிட்டு, ஒன்பதாம் நம்பர் சாவியை அவரே கொடுத்தார். சாவியை வாங்கிக்கொண்டு தாமஸ் சொன்னான்: "எங்கப்பா இந்தத் தென்னைக்கெல்லாம் தண்ணி கட்டுனவருங்க. இங்க தண்ணி எங்க நிக்கும், எங்க வடியும்னு எங்க ஊட்டுல கேட்டாத்தானுங்க தெரியும்."

மாட்டுக் கொட்டாய்

காரமடைப் பக்கத்திலிருந்து ஒரு புது ஜோடி வந்தார்கள். நம்ம பக்கத்து ஆளுங்கதான். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பையன் வீட்டில் பதினாலு ரூம், கூடம், களம், எல்லாம் உண்டு. ஆனால் இரண்டு பேருக்கும் வேலை இங்கே. சின்ன வீடாக, கூட்டி மெழுகிக் கால்மணி நேரத்தில் முடிகிற வீடாக வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்கு அவளை அங்கேயே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அட்வான்ஸ் கொடுக்கிற அன்றைக்கு மாமனாரும் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, பெரிய மீசை. ஹாலில் நின்று இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார், சுவர் இரண்டும் எட்டிவிடுமோ என்கிற மாதிரி. "ஏனுங்க, எங்க மாட்டுக் கொட்டாயி இதையாட்ட ரெண்டு இருக்குமுங்களே!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ரொம்பப் பணிவாகச் சொன்னாள்: "அதுல பன்னண்டு மாடு கட்டியிருக்குதுங்க மாமா. இங்க நாங்க ரெண்டே பேருதானுங்க."

நம்ம புள்ளை

பத்து வீடு முடிந்தது. மிச்சம் இருந்த பன்னிரண்டாம் நம்பரையும் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தம்பதிக்கு முடித்தேன். பெரிய வீட்டை மகனுக்கு விட்டுவிட்டு, மாடிப்படி இல்லாத வீடு தேடி வந்தவர்கள். இனி ஒன்றாம் நம்பர் மட்டும். வீடுகளைக் கழுவி, தரையில் சிந்தின பெயிண்ட்டைச் சுரண்டுகிற வேலைக்கு சுமித்ராவைப் போட்டேன். வேண்டுமென்றேதான் போட்டேன், ஒத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை லிபியும் அம்மாவோடு வந்து வாசல் திட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அண்ணன் சேரைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் நேர்காணலை ஆரம்பித்துவிட்டார்.

"எந்தூரு கண்ணு?" "இந்தூருதானுங்க, பெரியப்பா." "எந்தக் கோயிலு?" "நம்ம மாரியாத்தா கோயிலுங்க. போன தடவ நோம்பிக்கு எங்கம்மா தீச்சட்டிப் பூவோடு எடுத்தாங்க. நீங்க மைக்குல பேசுனீங்களே, நாங்க முன்னாலதான் உக்காந்திருந்தமுங்க." அண்ணனுக்கு வாயெல்லாம் பல். பால் விலை, டீச்சர் எப்படி, கணக்கு வருமா என்று பத்து நிமிஷம் பேசினார்கள். அப்புறம் லிபி திரும்பி உள்ளே இருந்த அம்மாவிடம் ஒடியாவில் ஏதோ கத்தினாள். அண்ணன் சேரை விட்டே எழுந்துவிட்டார். என்னைத் தள்ளிக் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "என்ன அம்மணி இது, நம்ம புள்ளைன்னல்லோ நெனச்சுப் பேசிப்போட்டேன்! இப்ப இல்லீங்கறதுக்கு வாயி வரமாட்டீங்குது. ஆனா ஒண்ணாம் நம்பரு எங்கூட்டுக்காரி அக்கா பையனுக்குன்னு சொல்லிப்போட்டாளே!"

ஜிம் எங்கே?

தங்கமணி அக்காவின் அக்கா பையன் பெருந்துறையில் ஒரு கம்பெனியில் இருந்தான். கோயமுத்தூருக்கு மாற்றலாகிறது, ஒன்றாம் நம்பர் அவனுக்குத்தான் என்று அக்கா எல்லாரிடமும் சொல்லி முடித்தாயிற்று. சொல் கொடுத்தால் அக்கா மாற மாட்டார். பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் வந்தான். காருக்கு இடம் எங்கே என்றான். லிப்ட் எங்கே என்றான். தரைத் தளத்துக்கு எதற்கப்பா லிப்ட்? ஜிம் எங்கே என்றான். சந்து முக்கில் இருக்கிற ஆலமரத்தில் தொங்கிக்கொள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது.

அவன் ஏற்கெனவே ஊருக்குள் ஒரு பெரிய அபார்ட்மெண்டில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். சித்தியிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை. சாவியை வாங்கிப் பூட்டிப் போட்டுவிடுவதாகத் திட்டம். கொட்டகை காலி செய்ய இன்னும் ஆறு நாள். லிபிக்கு ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது, வகுப்பில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துச் சொல்லிக்கொண்டும் வந்துவிட்டாள். ஒரு வீடு பூட்டிக் கிடக்கப்போகிறது, ஒரு பிள்ளை ரயிலேறப்போகிறது, நடுவில் நான் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். வீடு பார்க்கிறவர் சொன்ன ரகசியத்தை வெளியே விட்டால் அப்புறம் இந்தத் தொழிலில் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தப் பையன் காரில் ஏறும்போது கண்ணாடியை இறக்கிச் சொன்னான்: "ப்ளீஸ்க்கா, சித்தி கிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அவங்களாத் தெரிஞ்சுக்கட்டும்."

பால் பொங்கின வெள்ளிக்கிழமை

பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே வெள்ளிக்கிழமை, காலை ஏழரை மணிக்குப் பால் காய்ச்சுவது என்று தங்கமணி அக்கா நாள் குறித்தார். எனக்கு முந்தின நாள் தூக்கமே இல்லை, சந்தோஷத்தில். ஏழு மணிக்குச் சந்து முழுக்க ஜனம். மாவிலைத் தோரணம், வாழைக்கன்று, பதினொரு வாசலில் பதினொரு விதக் கோலம். நர்ஸ் பெண்கள் பூக்கோலம் போட்டிருந்தார்கள், தாமஸ் வீட்டில் மெழுகுவர்த்தியும் குத்துவிளக்கும் பக்கத்தில் பக்கத்தில். காரமடை மாமனார் மாட்டுக் கொட்டாயிலிருந்து கறந்த பாலைப் பெரிய கேனில் கொண்டுவந்து எல்லா வீட்டுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வந்தவர்களுக்கெல்லாம் டீ போட வேண்டும். எங்கே போடுவது? பதினொரு வீட்டிலும் அடுப்பு பூஜையில் இருந்தது. ஒன்றாம் நம்பர் சாவி என்னிடம் இருந்தது. பையன் வரப்போவதில்லை, அங்கே ஒன்றும் நடக்காது என்று நினைத்துக்கொண்டு, கேஸ் அடுப்பையும் பெரிய போசியையும் அங்கே வைத்து, ஆறு லிட்டர் பாலை ஊற்றி சுமித்ராவைப் போட்டேன். பையன் வராவிட்டாலும் அவனுக்குப் பதிலாகத் தான் காய்ச்சுவது என்று அக்கா மனதில் வைத்திருந்தார். அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

ஏழரைக்கு மணி அடித்தார்கள். மூன்றாம் நம்பரில் பால் பொங்கப் போகிறது, ஓடிவா என்று லிபி வாசலில் நின்று கூப்பிட்டாள். நாளைக்கு ஊருக்குப் போகிற பிள்ளை ஆசையாகக் கூப்பிடுகிறாளே என்று சுமித்ரா வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். அடுப்பைக் குறைக்க மறந்துவிட்டாள். அந்த நிமிஷத்தில்தான் தங்கமணி அக்கா பட்டுச் சேலையும் பித்தளைச் சொம்புமாக ஒன்றாம் நம்பர் வாசற்படியில் கால் வைத்தார். உள்ளே புஸ்ஸென்று சத்தம். பன்னிரண்டு வீட்டிலும் முதல் பால் அங்கேதான் பொங்கியது. ஆறு லிட்டரும் கிழக்குப் பக்கமாக வழிந்து, மேடையெல்லாம் நுரைத்து, தரைக்கு இறங்கியது. சுமித்ரா உள்ளே ஓடி, பயத்தில் முந்தானையாலேயே துடைக்க ஆரம்பித்தாள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அக்கா உள்ளே வந்தார். பாலைப் பார்த்தார். சுமித்ராவின் நெற்றிக் குங்குமத்தையும் கை வளையலையும் பார்த்தார். கதவோரம் நின்ற லிபியைப் பார்த்தார். "துடைக்காத, விடு" என்று சுமித்ராவின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, தன் சொம்புப் பாலை அவள் கையில் கொடுத்து விளக்கேற்றச் சொன்னார். பின்னாலேயே வந்த ராமசாமி அண்ணன் பதறிப்போய், "ஏ, அது டீக்கு வெச்ச பாலு!" என்றார். அக்கா திரும்பாமலே சொன்னார்: "ஏனுங்க, டீக்கு வெச்சதுன்னு பாலுக்குத் தெரியுமுங்களா? மொத ஊட்டுல மொதப் பாலு யாரு கையில பொங்குச்சோ, அவங்க ஊடுதானுங்க இது. பொங்குன ஊட்ட விட்டு ஒருத்தரத் தொரத்திப்போட்டு நான் எங்க போயிச் சாமி கும்பிடறது?"

டிக்கெட்

அன்று டீ இல்லை. எல்லாருக்கும் காரமடைப் பால்தான், வெல்லம் போட்டு. பெருந்துறைப் பையன் போனில் எனக்கு நாலு தடவை நன்றி சொன்னான். திவாகர் ஷிப்ட்டு முடிந்து வந்து, சேதி தெரியாமல் லிபியின் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் ஒன்றாம் நம்பர் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? லிபி அந்த ரயில் டிக்கெட்டைக் கணக்குப் புத்தகத்தில் பக்கம் அடையாளத்துக்கு வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை காலையில் அவள் வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூட கேட் வரை நானும் கூடவே நடந்து பார்த்தேன், எட்டு வைத்து எண்ணினால் இருநூற்றுப் பத்துதான்.

எல்லாம் நீ போட்ட திட்டம்தானே என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்கள். சத்தியமாக இல்லை. நான் திட்டம் போட்டிருந்தால் நிச்சயம் சொதப்பியிருக்கும். ராமசாமி அண்ணன் மட்டும் நம்ப மாட்டேன் என்கிறார். இப்போது சந்துக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு வரிசைக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார். குடோன் பேச்சே இல்லை. தாமஸைக் கேட்டுத்தான் சாக்கடை போடுகிறார். போன வாரம் ஸ்கூட்டியை நிறுத்தச் சொல்லி, ஒன்றாம் நம்பர் பக்கம் கை காட்டிச் சொன்னார்: "அடுத்த பன்னண்டுக்குப் பாலு காச்சறப்பவும் டீக்கு அந்தப் புள்ளையவே போட்டுரு, அம்மணி. எந்தூட்டுல பொங்குதோ பொங்கட்டும், வாரவங்க வரட்டும்."

பதினெட்டு வருஷமாக வாயால் பிழைக்கிறவள் நான். பேசிப் பேசி என்னால் முடிக்க முடியாத ஒரே வீட்டை, அடுப்பைக் குறைக்க மறந்து ஒருத்தி அரை நிமிஷத்தில் முடித்துவிட்டாள்.